நாய்க்குட்டி வீட்டுக்கு வருகிறது

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தேநீர்க் கடை என்று ஒன்று இருந்தால் அதன் முன்னே நான்கைந்து நாய்களும் இருக்கும். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் போடும் பொறையும் பன்னும்தான் அவற்றின் சாப்பாடு. ஓர் ஐப்பசி மழையில் அப்படிப்பட்ட ஒரு கடையின் வாசலில் தனியாக நடுங்கிக்கொண்டிருந்த குட்டி ஒன்றை, எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வயது ஐந்து வாரம் இருக்கலாம். மணி என்று பெயரும் வைத்தாயிற்று.

"சோறு போட்டு, படுக்க ஒரு சாக்கு போட்டால் போதாதா அப்பா?" என்றாள். போதும் என்றுதான் நானும் நினைத்தேன். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில்தான் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அதுவரை மருத்துவரிடம் போக வேண்டியதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன் செய்த தவறு இது. இதிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறக்கிறது.

மூன்றாவது வாரம் விளையாட்டின்போது மணி அவளுடைய கணுக்காலில் கடித்துவிட்டது. ஊசி போன்ற பற்கள், இரத்தம் வந்திருக்கிறது. அவள் அதில் காப்பித்தூளை அப்பி, காலுறையை மாட்டிக்கொண்டு, இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு காலைத் தாங்கித் தாங்கி நடந்ததைக் கண்டு அவள் அம்மா கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. ஏன் மறைத்தாள்? "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்கள் என்று பாட்டி சொன்னார்கள்" என்று அழுதாள்.

பாட்டி சொன்னது பொய்யல்ல, பழைய செய்தி. பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். நம் மாநிலத்தில் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள், 1911-இல் செம்மறியாட்டு மூளையிலிருந்து தடுப்பு மருந்து தயாரிக்கும் முறையை வகுத்தார். மருந்தின் அளவும் அதிகம், போட வேண்டிய நாட்களும் அதிகம். அதனால் வயிற்றில்தான் போட்டார்கள். பதினான்கு என்ற எண் அந்தக் காலத்தது. 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அந்த மருந்து நிறுத்தப்பட்டது. இன்று ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களிலிருந்து மருந்து தயாராகிறது; போடுவது கையில். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போட்ட நாளைச் சுழி என்று கொண்டால் 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடியும் போடுவார்கள். ஆக நான்கு முறை போய்வந்தால் முடிந்தது. செலவில்லை. பதினான்கு ஊசியின் காலம் போயும் அதைப் பற்றிய பயம் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது. வெறிபிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடிபட்டதைச் சொல்லத் தயங்குகிற வயதும் அதுதானே!

இரண்டு நாள் தாமதம் ஏன் என்னைக் கலங்க வைத்தது? அதற்கு இந்த வைரஸின் பயணத்தை அறிய வேண்டும்.

வெறிநோய் வைரஸ் துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவம் உடையது. நீளம் சுமார் 180 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தலாம். நோயுற்ற நாயின் உமிழ்நீர் வழியாக இது காயத்துக்குள் வருகிறது. மற்றக் கிருமிகள் பல இரத்தத்தில் கலந்து உடலெங்கும் ஓடும். இதுவோ நரம்பு நுனியைத் தேடிப் பிடித்து, நரம்பு வழியே மூளையை நோக்கி ஊர்ந்து செல்கிறது. இரத்தத்தில் திரியாததால் நம் உடலின் காவற்படைக்கு இது வந்திருப்பதே நெடுநாள் தெரிவதில்லை.

இனி ஒரு கணக்கு. நரம்பில் இதன் வேகம் நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை என்று பலவாறாக மதிப்பிடப்படுகிறது. கணக்குக்காக 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வயதினருக்குக் கணுக்காலிலிருந்து மூளை வரை ஏறக்குறைய 120 செ.மீ. இருக்கும். காலத்தைக் காண, தூரத்தை வேகத்தால் வகுக்க வேண்டும்: 60 நாள். கையில் கடித்தால் தூரம் பாதி, நாளும் பாதி. முகத்தில் என்றால்? நீங்களே வகுத்துப் பாருங்கள். உண்மை இவ்வளவு நேர்க்கோடாக இராது. வைரஸ் சதையிலேயே பல நாள் தங்குவதுண்டு. நோய் வெளிப்பட ஒரு வாரமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள். ஆயினும் முகத்திலும் கையிலும் பட்ட கடி மிகவும் அவசரமானது என்பதை இந்த வகுத்தல் கணக்கு காட்டிவிடுகிறது.

மறுபக்கம், தடுப்பூசி போட்டவுடன் உடலில் எதிர்ப்பொருள்கள் தோன்றிவிடுவதில்லை. ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். எனவே இது ஓர் ஓட்டப்பந்தயம். வைரஸ் மூளையை அடையுமுன் எதிர்ப்பொருள்கள் ஆயத்தமாக வேண்டும். இரத்தம் வரும்படி கடித்திருந்தால் அந்த இடைக்காலத்துக்காக, முன்பே தயாரித்து வைத்த எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளேயே செலுத்துவார்கள். பந்தயத்தில் வைரஸ் முந்திவிட்டால், நோய்க்குறிகள் தோன்றிய பிறகு, பிழைப்பது அநேகமாக இல்லை. தொண்டைத் தசைகள் இழுத்துக்கொள்வதால் தண்ணீரைக் கண்டாலே நடுக்கம் வரும். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இதனால் இறப்பதாக மதிப்பீடு. இவர்களில் ஏறக்குறைய எல்லோரும் நாய்க்கடியால் நோயுற்றவர்கள்.

பந்தயத்தில் நமக்கு முதல் வாய்ப்பைத் தருவது ஊசிகூட அல்ல, சோப்பு! வைரஸின் மேலுறை கொழுப்புப் பொருளால் ஆனது. சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை கொழுப்பை நாடும். எண்ணெய்ப் பிசுக்கான தட்டைச் சோப்பு எப்படிச் சுத்தமாக்குகிறதோ, அப்படியே வைரஸின் உறையையும் பிய்த்தெடுக்கிறது. உறை போனால் வைரஸ் செயலிழக்கும். குழாய் நீர் ஓட ஓட, சோப்புப் போட்டு, 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது. காப்பித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அவை காயத்தைப் புண்ணாக்கி வைரஸை உள்ளே அடைத்துவைப்பதோடு சரி.

என் மகளை அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரண்டு நாள் கழிந்திருந்தாலும் காயத்தைக் கழுவி, எதிர்ப்பொருளும் ஊசியும் போட்டார்கள். "குட்டி நாய்தானே டாக்டர்?" என்று கேட்டேன். "குட்டிக்கும் வெறிநோய் வரும் சார். தாயையோ அதையோ எது கடித்தது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்றார் மருத்துவர். பதில் இல்லை. மணியைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார். வெறிநோய் கண்ட நாயின் உமிழ்நீரில் வைரஸ் வருவது நோய்க்குறி தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான். ஆகவே, கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் வைரஸ் இருக்கவில்லை என்று கொள்ளலாம். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது. இரண்டும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். அந்தப் பத்து நாளும் விடியற்காலையில் எழுந்து மணி தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பதே எனக்கு வேலை. குடித்தது. நலமாகவே இருந்தது. மகளும் நான்கு முறை ஊசியை முடித்தாள். பதினான்கு இல்லை என்பதில் அவளுக்குச் சிறிது ஏமாற்றம்கூட, பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லையாம்!

சரி, முதலிலேயே என்ன செய்திருக்க வேண்டும்? குட்டி வந்த மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். தெருவில் கிடைத்த குட்டியின் குடலில் அநேகமாக உருண்டைப் புழுக்கள் இருக்கும். அவை மனிதக் குழந்தைகளுக்கும் வரக்கூடியவை. மூன்று மாதம் வரை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புழுநீக்க மருந்து கொடுக்கச் சொல்வார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஸ்டெம்பர், பார்வோ என்ற இரு கொடிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி. இரத்தக் கழிச்சலில் குட்டிகள் ஓரிரு நாளில் சாவது பெரும்பாலும் பார்வோவால்தான். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி; அதற்கு ஊக்க ஊசி; பிறகு ஆண்டுதோறும். சென்னையில் வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அதன் மருத்துவமனைக்கு நம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் எளிதில் சேரலாம். செப்டம்பர் 28 பாஸ்டர் மறைந்த நாள். அதை உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள்.

காப்பகத்திலிருந்து தத்தெடுத்தால் தொடக்க வேலைகளில் சில முன்பே முடிந்திருக்கும். எந்தெந்த ஊசி எந்தத் தேதியில் போடப்பட்டது என்ற அட்டையைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று அவர்கள் உங்களைக் கேட்பார்கள். கோபப்படாதீர்கள். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் நீங்கள் அதற்குள் வேலைக்கே போயிருப்பீர்கள்.

அன்றாடப் பராமரிப்பில் எனக்குப் பிடித்த பாடம் கோடைக்காலம், ஏனெனில் அது வெப்பவியல். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதங்களில்தான் உள்ளன. அதனால் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் உடலிலிருந்து போகிறது. ஆனால் கத்தரி வெயிலில் கடற்காற்று ஈரப்பதத்தைக் கொண்டுவந்துவிட்டால் ஆவியாதல் மந்தப்படும். துணி காயாத நாளில் நாயும் குளிராது! தகரக் கொட்டகையின் கீழ் கட்டிவைப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம். நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் ஆபத்து. சாதாரண நீரை உடலில் ஊற்றி, விசிறியின் கீழ் வைத்து, மருத்துவரிடம் ஓடுங்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக. சோறு நாய்க்கு ஆகாது என்பார்கள் சிலர். ஓநாயைவிட நாயிடம் மாவுப்பொருளைச் செரிக்கும் மரபணுவின் படிகள் பல மடங்கு கூடுதலாக இருப்பதை 2013-இல் கண்டறிந்தார்கள். மனிதரோடு வாழ்ந்து பெற்ற சொத்து அது. ஆகவே சோறு தாராளமாகப் போடலாம், முட்டையோ இறைச்சியோ சேர வேண்டும். வெங்காயம் அதன் சிவப்பணுக்களை உடைக்கும், பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லெட் நஞ்சு. நமக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையையும் கொடுக்கக் கூடாது.

பெண் குட்டி என்றால் கருத்தடை அவசியம். கர்ப்பக் காலம் 63 நாள்தான்; ஆண்டுக்கு இருமுறைகூட ஈனும். அந்தக் குட்டிகள் எங்கே போகும்? மீண்டும் தேநீர்க் கடை வாசலுக்குத்தான். முன்பெல்லாம் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது, எண்ணிக்கை குறையவில்லை. 1959-இல் சென்னையில் தோன்றிய இந்திய நீலச் சிலுவைச் சங்கம் 1964-இலேயே கருத்தடையை மாற்று வழியாகக் காட்டியது. 1996-இல்தான் மாநகராட்சி அதை ஏற்றது. காது மடலில் சிறு வெட்டு உள்ள நாய்களைப் பார்த்திருப்பீர்கள். அறுவை முடிந்ததற்கான அடையாளம் அது. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது வல்லுநர் கணிப்பு. கோவா மாநிலம் இவ்வழியில் முயன்று, 2021-இல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டதால் எங்கள் வீட்டு நாய்க்கு உரிமம் வேண்டும். அதற்குத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். 2025-இல் மாநகராட்சி மைக்ரோசிப் பொருத்தும் வேலையையும் தொடங்கியது. அரிசி மணி போன்ற கண்ணாடிக் குழல். தோளிடைத் தோலின் கீழ் ஊசியால் செலுத்துவார்கள். அதில் பேட்டரி கிடையாது! படிக்கும் கருவி நொடிக்கு 1,34,200 முறை மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. சிப்பிலுள்ள நுண்ணிய கம்பிச் சுருளில் அது மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்சாரத்திலேயே சிப்பு விழித்துக்கொண்டு தன் 15 இலக்க எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. பாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான். உங்கள் பாடநூலில் மின்மாற்றிப் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். கருவி உடலைத் தொட வேண்டியதில்லை, நாய் அசையாமல் நிற்பதுதான் கடினம்.