திறப்பு யார் கையில்?

பணம் என்பது இருக்குமிடம் காட்டக்கூடிய பொருள் என்றே நம் முன்னோர் கருதிவந்தனர். செட்டியார் தெருவிற் பொன் வாங்கி அலுமாரியிற் பூட்டி வைத்தவரும், வங்கிப் புத்தகத்தில் அதனை இலக்கமாகக் கண்டு மகிழ்ந்தவரும், தம் செல்வம் இன்ன இடத்தில் உள்ளது என்று சுட்டிக்காட்ட முடிந்தது. 2009 ஆம் ஆண்டு சனவரியில் பிட்கொயின் தோன்றிய பின்னர், அவ்வாறு சுட்டிக்காட்ட இயலாத ஒரு புதுவகைச் செல்வம் உலகில் உலவத் தொடங்கிற்று. கிரிப்டோ நாணயம் என அது வழங்கப்படுகின்றது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுட் பலவற்றுக்குக் கடல்கடந்த நாடுகளில் மக்களோ மருமக்களோ உள்ளனர். "உண்டியலும் வேண்டாம், வங்கியும் வேண்டாம், கைத்தொலைபேசியில் ஒரு பணப்பையைத் திறந்து வையுங்கள் அம்மா, அனுப்பி வைக்கிறேன்" என்று அங்கிருந்து ஒரு பிள்ளை சொன்னால், இங்குள்ள தாய் எந்தப் பணப்பையைத் தெரிவது? இவ்வினாவை நேயர்களுடன் சேர்ந்து ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். பணப்பை என்று பெயரிருப்பினும் அதனுள்ளே பணம் இருப்பதில்லை. இன்ன கணக்கில் இவ்வளவு உண்டு என்னும் பதிவு, உலகெங்குமுள்ள பல்லாயிரம் கணினிகளில் ஒரே படியாக எழுதப்பட்ட ஒரு பேரேட்டில் இருக்கின்றது. அந்தப் பேரேட்டுக்கு முதலாளியுமில்லை, முகாமையாளருமில்லை. கணக்கிலுள்ள தொகையை இடம்மாற்றும் உரிமையை அளிப்பது ஓர் இரகசிய எண். அதனைத் திறப்பு என்போம். அத்திறப்பைக் காத்து, வேண்டியபோது அதனாற் கையொப்பமிடும் கருவியே பணப்பை. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தவர் அடையாள அட்டையுடன் கிளைக்குச் செல்லலாம். இங்கே செல்வதற்குக் கிளை இல்லை.

ஆதலின், பணப்பையைத் தெரிபவர் முதலிற் கேட்கவேண்டியது, திறப்பு யார் கையில் இருக்கின்றது என்பதே. இதற்குரிய விடை மூவகைப்படும்.

முதல் வகையில், நாணயம் வாங்கி விற்கும் மாற்றுநிலையமே திறப்பை வைத்திருக்கும். கடவுச்சொல் மறந்தால் உதவி கிடைக்கும் என்பது இதன் நன்மை. நிலையம் வீழ்ந்தால் நாமும் உடன் வீழ்வோம் என்பது தீமை. 2014 இல் டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ், ஏறத்தாழ 850,000 பிட்கொயின்களைக் காணவில்லை என்று கூறி முறிந்தது. அவற்றுள் 200,000 அளவே பின்னர் அகப்பட்டன. 2024 யூலை 18 அன்று இந்தியாவின் வசீர்எக்ஸ் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டொலர் பெறுமதியான நாணயங்கள் களவாடப்பட்டன. அங்கு வைத்திருந்தோர் தம் நாணயத்துக்காக ஓராண்டுக்கு மேற் காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாம் வகையில், திறப்பு நம் கைத்தொலைபேசியிலோ கணினியிலோ செயலி ஒன்றினுள் இருக்கும். உடைமை நம்முடையதே, ஆயினும் அக்கருவி எந்நேரமும் இணையத்துடன் தொடர்புற்றிருப்பதால், கதவு திறந்த வீட்டிற் பெட்டி வைத்ததற்கு ஒப்பாகும். மூன்றாம் வகையோ, இதற்கெனவே செய்யப்பட்ட சிறு கருவி. செக் நாட்டின் ட்ரெசர் 2014 இல் விற்பனைக்கு வந்தது. பிற நிறுவனங்களும் இவ்வகைக் கருவிகளைச் செய்கின்றன. திறப்பு அக்கருவியை விட்டு வெளியேறாது. கையொப்பம் உள்ளேயே நிகழும். இதனைச் செய்த நிறுவனத்திடமே வாங்கவேண்டும். பிறர் கைப்பட்டதோ, இரகசியச் சொற்கள் முன்னரே எழுதப்பெற்று வருவதோ, பொறியெனவே கொள்க.

சந்தைக்குச் செல்பவர் வீட்டுப் பணம் முழுவதையும் இடுப்பில் முடிந்து செல்வதில்லை. அவ்வாறே, சிறு தொகைக்குத் தொலைபேசிச் செயலியும், பெருந்தொகைக்குத் தனிக்கருவியும் என இரண்டாக வகுத்துக்கொள்வது அறிவுடைமை. எதனைத் தெரியினும், முதலிற் சிறு தொகையை அனுப்பிச் சரிபார்த்த பின்னரே மிகுதியை அனுப்புதல் வேண்டும். தவறான முகவரிக்குச் சென்றதை மீட்டுத்தர எவருமில்லை.

இனி, இரகசியச் சொற்களைப் பற்றிக் கூறவேண்டும். இரண்டாம், மூன்றாம் வகைப் பணப்பைகளிற் பெரும்பாலானவை தொடக்கத்தில் 12 அல்லது 24 சொற்களைக் காட்டும். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து அவை எடுக்கப்படும். கருவி தொலைந்தாலும், அச்சொற்களை அதே ஒழுங்கிற் புதுக்கருவியில் இட்டால் திறப்பு மீளும். இவ்வகைப் பொதுப் பட்டியல்களுள் தமிழுக்கு இடமில்லை. ஆங்கிலச் சொற்களையே எழுத நேரும். ஆங்கிலப் பட்டியலில் எந்த இரு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் முற்றும் ஒத்திரா. ஆகவே, முதியவர்கள் அந்நான்கையேனும் தெளிவாக எழுதிக்கொள்ளல் நலம். காகிதத்தில் எழுதி, இரு வேறு இடங்களில் வைத்தல் வேண்டும்; கடற்காற்றும் செல்லும் வெள்ளமும் காகிதத்துக்குப் பகை. தொலைபேசியாற் படமெடுத்தல் ஆகாது. அச்சொற்களைக் கேட்டு எவர் அழைப்பினும், அவர் எந்நிறுவனத்தின் பெயரைச் சொல்லினும், அவர் கள்வரே.

பரவலாக்கப்பட்ட இணையம் என்று இன்று பேசப்படும் தளங்களில் பணப்பைக்கு மற்றுமொரு தொழிலும் உண்டு. அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இன்றிப் பணப்பையின் கையொப்பமே நம் அடையாளமாகின்றது. பொத்தானை அழுத்தி அனுமதி அளிக்கும்போது, சில வேளைகளில் நம் நாணயத்தை அளவின்றி எடுக்கும் உரிமையையே எழுதிக் கொடுத்துவிடுகின்றோம். வாசியாத உறுதியில் எவரும் ஒப்பமிடுவதில்லையே! கையொப்பமிடப்படுவது இன்னதென்று விளங்கும்படி காட்டும் பணப்பையே தெரிவுக்குரியது.

நம் நாட்டின் நிலையையும் மறத்தலாகாது. இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆம் ஆண்டுகளிற் பொதுமக்களை இதுபற்றி எச்சரித்தது. இத்தகைய நாணயத் திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் தான் அனுமதிப்பத்திரம் வழங்கவில்லை என்றும், கடன் அட்டை, பற்று அட்டைகளால் இவற்றுக்குக் கொடுப்பனவு செய்ய இடமில்லை என்றும் அது அறிவித்தது. எனவே, பிள்ளை அனுப்பும் பணத்துக்கு வங்கி வழி இருக்கையில், அதனை விட்டுப் புதுவழி நாடுவோர், நட்டம் நேர்ந்தால் முறையிடுவதற்கு இடம் அரிது என்பதை உணர்ந்தே நாடவேண்டும்.

இறுதியாக ஒன்று. திறப்பை ஒருவர் மாத்திரம் அறிந்திருந்து அவர் மறைந்துவிட்டால், பேரேட்டிற் செல்வம் இருக்கும்; எடுப்பார் இரார். சொற்கள் எழுதிய தாள் எங்குள்ளது என்பதை நம்பிக்கைக்குரிய ஒருவருக்கேனும் தெரிவித்து வைத்தல் குடும்பத்துக்குச் செய்யும் கடமை. காவலாளியும் கணக்கரும் உடைமையாளரும் தாமொருவரேயாக இருக்கத் தம்மால் இயலுமா என்று எண்ணிப் பார்த்து, இயலுமெனின் பணப்பையைத் தெரிக. இயலாதெனின் வங்கிப் புத்தகமே போதும் என்றிருப்பதிற் குறைவொன்றுமில்லை.