நர்ஸம்மாவின் வெள்ளோட்டம்

புதுத் தேர் ஒன்றைச் செய்து முடித்தவுடன் சுவாமியை அதில் ஏற்றிவிடுவார்களா? மாட்டார்கள். முதலில் வெறும் தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் சரியாக உருளுகிறதா, மூலையில் திரும்புகிறதா, வடம் தாங்குகிறதா என்று கவனிப்பார்கள். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். நர்ஸுகள் நடத்தும் ஆராய்ச்சிக்கும் இப்படி ஒரு வெள்ளோட்டம் உண்டு.

"நர்ஸுகளுக்கு ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்கிறீர்களா? அந்த வழியைக் காட்டியவரே விளக்கேந்திய சீமாட்டி ஃப்ளாரென்ஸ் நைட்டிங்கேல்தான். அவர் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கணக்கு எழுதும் முறை வேறுபட்டது. எங்கே யார் எதனால் இறக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஆகவே எல்லோருக்கும் பொதுவான படிவங்களைத் தயாரித்தார். லண்டனில் சில ஆஸ்பத்திரிகளில் அவற்றை நிரப்பிப் பார்க்கச் செய்தார். பிறகுதான், 1860-ல் அந்நகரில் கூடிய சர்வதேசப் புள்ளிவிவர மாநாட்டின் முன் தம் திட்டத்தை வைத்தார். மாநாடும் ஏற்றது. ஆனாலும் நிரப்பும் வேலையும் செலவும் அதிகமாகி, அத்திட்டம் நாளடைவில் கைவிடப்பட்டது. தேர் நல்ல தேர்தான். இழுக்கும் கைகளின் பலத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா?

இன்றைக்கு வருவோம். படுத்த படுக்கையாய் இருப்பவரை எத்தனை மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண் வராது என்று ஆராயப் புறப்படுகிறார் ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் போகுமுன் 20, 30 பேரிடம் செய்து பார்ப்பார். இராத்திரி டியூட்டியில் இரண்டே பேர் இருக்கும்போது, குறித்த நேரத்தில் திருப்ப முடிகிறதா? "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் பாட்டி எண் சொல்கிறாளா, "உயிர் போகிறதடி அம்மா!" என்கிறாளா? அப்படியானால் கேள்வியையே மாற்ற வேண்டும். இது தெரியாமல் பெரிய ஆராய்ச்சியில் இறங்கினால், அத்தனை நோயாளிகள் பட்ட சிரமமும் வீண்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது இதற்குச் செல்லாது. 30 பேரில் நாலு பேருக்குக் குணம் தெரிந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆராய்ச்சியை ஒழுங்காக நடத்த முடியுமா என்பதைத்தான் வெள்ளோட்டம் சொல்லும். சிகிச்சை பலிக்குமா என்பதைச் சொல்லாது.

ஆகவே, சகோதரிகளே! ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் காகிதமும் பேனாவுமாக வந்து, "முன்னோட்ட ஆய்வு நடத்துகிறோம், சேருகிறீர்களா?" என்றால், விவரம் கேளுங்கள். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சேர்ந்த பிறகு, கேள்வி விளங்காவிட்டால் சும்மா தலையாட்டாதீர்கள். "புரியவில்லையே!" என்று சொல்லிவிடுங்கள். அவர் தேடி வந்த விடையே அதுவாக இருக்கலாம்!