தம் சமயம் உரைத்தலும் பிறர் சமயம் மதித்தலும்

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில், நாராயண பிள்ளை முன்னின்று 1827ஆம் ஆண்டில் தோற்றுவித்த ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் அருளொளி வீசி விளங்குகின்றது. அதே சாலையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல் அமைந்துள்ளது. சீனர் மிகுந்த அவ்வட்டாரத்தில் கோபுரமும் மினாராவும் தலைமுறை தலைமுறையாக அண்டை வீட்டாராய் வாழ்ந்து வருகின்றன.

ஆண்டுதோறும் தீமிதித் திருநாளன்று, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து பக்தர்கள் நடந்து வந்து, அன்னையின் சந்நிதானத்தில் பூக்குழி இறங்குகின்றனர். காண வரும் பிற சமயத்தவர், "நெருப்பில் நடப்பது ஏன்?" என வினவுவது இயல்பு. "அது எங்கள் வழக்கம்" என்று ஒதுங்குவது விடையாகாது. "இத்தகைய பக்தி வேறெங்கும் இல்லை" என்பதோ செருக்காகும். திரௌபதி அம்மனின் வரலாற்றையும், விரதத்தின் நெறியையும், நேர்த்திக்கடனின் பொருளையும் அறிந்தவாறு எடுத்துரைப்பதே முறை. விடை தெரியாவிடில், பெரியோரைக் கேட்டுச் சொல்வதில் இழுக்கில்லை.

"எல்லாச் சமயமும் ஒன்றே" என்பது நல்லெண்ணத்தில் பிறக்கும் சொல். ஆயினும், தம் இறைநம்பிக்கை தனித்தன்மை உடையது எனக் கருதும் முஸ்லிம் அல்லது கிறிஸ்துவ அன்பருக்கு, அது தம் நம்பிக்கையை மறுப்பதாகத் தோன்றலாம். வேற்றுமையை ஒப்புக்கொண்டே நட்புப் பாராட்டுதல் மேலானது. பிரசாதத்தையோ குங்குமத்தையோ அவர் பணிவுடன் மறுத்தால், அதனை அன்னைக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்ளலாகாது. அவர்தம் நோன்பைப் பற்றியும் ஆர்வத்துடன் கேட்டறிவதே பண்பு.

தன் சமயத்தின்மீது கொண்ட பற்றினால் பிற சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே தீங்கிழைக்கின்றான் என்னும் கருத்தை மாமன்னர் அசோகர் தமது பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில் பொறித்து வைத்தார்.

சிங்கப்பூரில் 1949இல் அமைந்த சமயங்களுக்கிடையிலான அமைப்பு, இன்று பத்துச் சமயத்தினரை ஒன்றுகூட்டுகின்றது. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறியது. சட்டம் பகைமையைத் தடுக்கும்; நட்பை வளர்ப்பதோ அண்டை அயலாரின் இன்சொல்லே. ஆலய வாயிலில் எழும் ஒரு கேள்விக்குப் பக்தர் பணிவுடன் விடை பகரும்போது, அவர்தம் சமயமும் சிறக்கின்றது. கேட்டவர் நெஞ்சும் குளிர்கின்றது.