பெயரும் மெய்யும்: போர்க்காலக் கமராக்களின் உண்மை காணல்

பழம்பொருள்களைத் தேடிச் சேர்த்தல் நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கமாகும். நாணயம், தபால் முத்திரை, ஏடு என்பவற்றோடு பழைய கமராக்களும் இக்காலத்தில் பலர் விரும்பிச் சேர்க்கும் பொருளாயுள்ளன. அவற்றுள்ளும் போர்க்காலத்திற் படைகளுக்கென வழங்கப்பெற்ற கமராக்கள் பெருவிலை பெறுவன. விலை மிக்க பொருள் எங்குளதோ அங்குப் போலியும் வந்து சேர்தல் உலக இயல்பு. மெய்யைப் போலியினின்றும் பிரித்தறியும் வகையை, பெரிதும் போலி செய்யப்பெற்ற லைக்காக் கமராவை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லைக்கா ஜேர்மனியிலுள்ள வெட்சிலார் நகரிற் பிறந்தது. அங்கே நுணுக்குக்காட்டி செய்துவந்த லைட்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஒஸ்கார் பார்னாக் என்பார், சினிமாப் படச்சுருளைக் கொண்டு கைக்கடக்கமான கமரா ஒன்றை அமைத்தார். அது 1925ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 1932இல் வெளிவந்த இரண்டாம் உருவிற் பொருளின் தூரத்தை அளந்து காட்டும் தூரமானி உடலோடு இணைக்கப்பட்டது. 1933இல் வந்த மூன்றாம் உருவில் ஒரு வினாடி வரை மெதுவாகத் திறந்து மூடும் வேகங்களும் சேர்ந்தன. 1940இல் வெளிவரத் தொடங்கிய மூன்றாம் 'சி' உருவோ வார்ப்பு உலோக உடல் பெற்றது. இவ்வுருவே இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானப்படைக்கும் பிற படைகளுக்கும் வழங்கப்பட்டது.

இனி, இக்கதையின் மறுபாதி சோவியத் நாட்டில் நிகழ்ந்தது. உள்நாட்டுப் போரினால் ஆதரவிழந்து தெருவில் அலைந்த சிறார்க்கெனக் கார்க்கிவ் நகரில் ஒரு தொழிற் குடியிருப்பு அமைந்திருந்தது. கல்வியாளர் அன்ரன் மக்கரென்கோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது அது. அங்குள்ள இளைஞர்கள் லைக்காவின் இரண்டாம் உருவைப் பார்த்து 1934 முதல் ஒரு கமராவைச் செய்யலாயினர். ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்ற தலைவரின் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு அதற்கு 'ஃபெட்' எனப் பெயரிட்டனர். போரின் பின்னர், 1948இல், மொஸ்கோவுக்கு அணித்தான கிராஸ்னகோர்ஸ்கில் 'சோர்க்கி' என்னும் உடன்பிறப்பும் தோன்றிற்று.

இவ்விரண்டையும் போலி என்றல் தகாது. முதனூல் என்றும் வழிநூல் என்றும் நூல்களை நம் இலக்கண நூலார் வகுப்பர். வழிநூல் செய்தவன் தன் பெயரையே இட்டு வழங்குவானாயின் அவன் கள்வனாகான். ஃபெட்டும் சோர்க்கியும் தத்தம் பெயரைத் தலையிற் பொறித்துக்கொண்டு உழைத்த நல்ல வழிநூல்கள். அப்பெயரை அராவி நீக்கி, 'லைக்கா' என்று புதிதாகப் பொறித்து, அதனருகே கழுகையும் சுவஸ்திகக் குறியையும் வெட்டி, 'ஜேர்மன் விமானப்படைக் கமரா' என விற்கும்போதே போலி பிறக்கின்றது. சோவியத் ஒன்றியம் 1991இற் கலைந்த காலத்தையொட்டி இத்தகையன மேலைநாட்டுச் சந்தைகளிற் பெருகின. பொன்முலாம் பூசியனவும், 1936ஆம் ஆண்டுப் பெர்லின் ஒலிம்பிக் நினைவு எனப் பொறித்தனவும் இவ்வினத்தனவே.

இவற்றை அறியும் வழிகள் சில உள. அவற்றை முறையே காண்போம்.

முதலாவது, உறுப்புக்களை எண்ணுதல். மூன்றாம் 'சி' உருவின் முன்பக்கத்தில் மெதுவான வேகங்களுக்கென ஒரு சிறு வட்டத் திருகு உண்டு. கழுத்துவார் மாட்டுதற்கு இரு பக்கத்தும் வளையம் உண்டு. மிகுந்த வேகம் வினாடியின் 1000இல் ஒரு பங்கு. ஆதி ஃபெட்டிலும் சோர்க்கியிலும் முன்பக்கத் திருகும் இல்லை, வளையங்களும் இல்லை, பெரும்பாலனவற்றில் மிகுந்த வேகம் 500இல் ஒரு பங்கே. ஆகவே, விமானப்படையின் பெயரைத் தாங்கிய ஒரு கமரா இவ்வுறுப்புக்களின்றி நிற்குமாயின் அதனை ஐயுறுதல் வேண்டும்.

இரண்டாவது, உள்ளே நோக்குதல். இதுவே சோதனைகளுட் சிறந்தது. வில்லையைக் கழற்றிவிட்டு அது இருந்த துவாரத்தின் மேற்புறத்தைப் பார்க்க. வில்லையின் அசைவைத் தூரமானிக்கு உணர்த்தும் சிறு நெம்புகோல் ஒன்று அங்கே தோன்றும். மெய்யான லைக்காவில் அதன் நுனியிற் சுழலும் சிறு உருளை அமைந்திருக்கும். ஃபெட்டிலும் சோர்க்கியிலும் உருளை இராது. நுனி ஆப்புப் போலச் சரிந்திருக்கும். மேற்றகட்டிற் பெயரை மாற்றுவோர் பலர் இவ்விடத்தை மாற்றுவதில்லை. வாங்குவோர் வில்லையைக் கழற்றிப் பாரார் என்பது அவர்தம் துணிபு.

மூன்றாவது, அளத்தல். மூன்றாம் 'சி' உருவின் உடல் அதற்கு முந்திய உருவினும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளமானது. பழைய உருவின் நீளம் ஏறக்குறைய 133 மில்லிமீற்றர்; 'சி' உருவினது ஏறக்குறைய 136. பழைய உருவைப் பார்த்துச் செய்யப்பட்ட ஃபெட் இந்த வேறுபாட்டை மறைத்தல் இயலாது. ஒரு சாதாரண அடிமட்டமே இதற்குப் போதும்.

நான்காவது, இலக்கத்தை ஆராய்தல். ஒவ்வொரு லைக்காவுக்கும் தனி இலக்கம் உண்டு. மூன்றாம் 'சி' உருவின் இலக்கங்கள் 360,000ஐ ஒட்டித் தொடங்கும். போலி செய்வோர் மனம் போனவாறு ஓர் இலக்கத்தைப் பொறித்துவிட, அது 1920களில் வந்த தூரமானியற்ற முதலுருவுக்கு உரியதாய் முடிவதும் உண்டு. வெட்சிலாரில் தொழிற்சாலையின் பழைய ஏடுகள் பேணப்பட்டுள்ளன. இன்ன இலக்கமுடையது இன்ன நாளில் இன்னார்க்கு அனுப்பப்பட்டது என்பதை அவற்றிலிருந்து கேட்டறியலாம்.

ஐந்தாவது, பொறிப்பின் இயல்பை நோக்குதல். படையினர் தம் உடைமையை அடையாளமிட்டது அழகுக்காகவன்று. களவு போகாமற் காத்தற்கே. ஆதலின் மெய்யான பொறிப்பு அடக்கமானது. 'விமானப்படையின் உடைமை' எனப் பொருள்படும் ஜேர்மன் சொற்றொடரும், 'எஃப். எல். 38079' என்ற பொருட்பட்டியல் எண்ணுமே அவற்றிற் பெரும்பாலும் காணப்படும். போலியோ முகத்திலேயே கழுகு விரித்து நிற்கும். உரத்துக் கூவும் பொறிப்பைக் கண்டவிடத்து ஐயம் கொள்க.

இவ்வைந்தினாலும் அகப்படாத போலி ஒன்றுண்டு. அது மெய்யான லைக்காவே. சாதாரண மக்களுக்கென விற்கப்பட்ட கமராவை வாங்கி, அதிற் படையின் பொறிப்பை மாத்திரம் பின்னாளில் வெட்டுவர். இங்கே உறுப்பும் அளவும் உதவா. தேய்மானம் ஒன்றே சான்று பகரும். கைபட்டுக் கைபட்டு மேற்பூச்சு மங்கிய இடத்தின் நடுவே எழுத்துக்கள் மட்டும் கூர்மையாகவும் புதுமையாகவும் நிற்குமாயின், எழுத்து உடலினும் இளையது என்பது தெளிவு. தொழிற்சாலை ஏடு இங்கு மிகவும் பயன்படும். பெர்லினிலுள்ள படை அலுவலகத்துக்கன்றி வேறு நாட்டு வணிகனுக்கு அக்கமரா அனுப்பப்பட்டதாக ஏடு கூறின் வழக்கு முடிந்தது.

இவ்வாராய்ச்சி பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு மாத்திரமே எனச் சிலர் எண்ணக்கூடும். அஃது அன்று. ஒரு போலி செய்யப்படும்போது மூன்று தீங்குகள் நிகழ்கின்றன. வாங்குவோன் பொருளை இழக்கின்றான். நடவாத ஒன்றுக்குச் சான்றுப் பொருள் ஒன்று படைக்கப்படுதலால் வரலாறு கறைப்படுகின்றது. இவ்விரண்டினும் துயர் தருவது மூன்றாவது. ஆதரவற்ற இளைஞர் தம் கையாற் செய்து, தம் பெயரிட்டு உலகுக்கு அளித்த ஒரு கருவி, அப்பெயர் அராவப்பட்டு, தம் நாட்டை அழிக்க வந்த படையின் சின்னத்தைச் சுமக்கின்றது. 1941இற் கார்க்கிவ் நகரை ஜேர்மன் படை கைப்பற்றியது என்பதை நினைவார்க்கு இக்கொடுமை நன்கு விளங்கும்.

ஏட்டுச் சுவடியை ஆராய்வோன் தலைப்பிற் கண்ட பெயரை மாத்திரம் நம்பான். பல பிரதிகளை ஒப்புநோக்கி, நடையும் சொல்லும் பொருளும் அப்பெயருக்கு ஒத்தனவோ என ஆராய்ந்து, இடைச்செருகலை விலக்கி மெய்ப்பாடம் காண்பான். கமராவை ஆராய்வோனுக்கும் அதுவே நெறி. மேலே எழுதிய பெயர் எவராலும் எழுதப்படலாம். உள்ளே அமைந்த உறுப்பு எளிதிற் பொய் சொல்லாது. கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவருட் பழம்பொருள் சேர்ப்போர் விலை பேசுமுன் வில்லையைக் கழற்றிப் பார்ப்பாராக. கையில் வந்தது ஃபெட் என்று தெரிந்தாலும் அதனை இகழ வேண்டியதில்லை. ஃபெட் என்ற பெயரோடேயே அது மதிக்கத்தக்க பொருளாகும்.