பங்குக் காணியும் எண்பிக்கும் சுமையும்

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தந்தை இருக்கும்வரை ஒரே காணியாக இருந்தது, அவர் கண்மூடியபின் அண்ணன் காணி, தங்கை காணி என்றாகிவிடுவதை நாம் ஊர்தோறும் காண்கின்றோம்.

எஹலியகொடைப் பகுதியிலே, தோட்டத்து லயத்தில் வாழ்ந்த ஒருவர் அரும்பாடுபட்டு அரை ஏக்கர் இறப்பர்க் காணி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மரண சாசனம் எழுதாமலே அவரும் மனைவியும் மறைந்தனர். மகன் காணியிலேயே தங்கி, முப்பது ஆண்டுகள் மரங்களைப் பேணிப் பால் வெட்டினான். மகள் இரத்தினபுரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இன்று அவள் பங்கு கேட்கின்றாள். "பாடுபட்டவன் நான், காணி எனக்கே" என்கின்றான் அண்ணன். நியாயம் யார் பக்கம்?

சப்ரகமுவத் தோட்டத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் உரியதன்று. நாட்டின் பொதுச் சட்டமே உரியது. அச்சட்டப்படி பெற்றோர் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு.

"பத்து வருடம் ஆண்டால் சொந்தம்" என்று ஊரார் சொல்வர். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் பத்தாண்டுக் கணக்கு இருப்பது மெய்யே. ஆனால் அது பிறர் உரிமையை மறுத்து, இடையூறின்றி ஆண்ட பத்தாண்டாதல் வேண்டும். உடன்பங்காளிகளுக்குள் விதி இன்னும் கடுமையானது. கொறயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி என்னும் இலங்கை வழக்கில், 1911இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அதனைத் தெளிவாக்கிற்று. ஒரு பங்காளி ஆள்வது எல்லாப் பங்காளிகளுக்காகவும் ஆள்வதேயாம். மனத்துள் மறைத்து வைத்த எண்ணத்தினால் அதனை மாற்ற இயலாது. மற்றவரை வெளிப்படையாக விலக்கியிருத்தல் வேண்டும்.

அதனை எண்பிக்கும் சுமை யாருடையது? 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், ஒரு செய்தியை உண்டென்று கூறி உரிமை கேட்பவரே அதனை எண்பிக்க வேண்டும் என்கின்றது. ஆகவே தங்கையின் உரிமையை எந்நாளில், எச்செயலால் மறுத்தான் என்பதை அண்ணன் தன் மறுமொழியிலே எழுதிச் சாட்சியால் நிறுவ வேண்டும். முப்பது ஆண்டு வியர்வை மட்டும் அதற்குப் போதாது.

தங்கைக்கும் சுமை உண்டு. பாகப்பிரிவினை வழக்கிலே காணியின் விவரத்தையும், பங்குடையோர் அனைவரின் பெயர்களையும் வழக்குரையில் எழுதி, உரிமை வந்த வழியைக் காட்டும் வம்சாவளியையும் அவள் இணைக்க வேண்டும். தந்தையின் உறுதி, அவள் மகள் என்பதற்குப் பிறப்புப் பத்திரம் ஆகியவை வேண்டும். "இந்தப் பக்கம் உனக்கு" என்று தந்தை வாய்மொழியாகச் சொன்னதும் உதவாது. காணியைக் கைமாற்ற நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிற்க எழுதிய உறுதி வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டுச் சட்டம்.

அப்படியானால் அண்ணனின் உழைப்பு வீணோ? அன்று. அவன் நட்ட மரங்களையும் கட்டிய வீட்டையும் நீதிமன்றம் கணக்கிலெடுக்கும்; இயன்றவரை அவன் திருத்திய பகுதியையே அவனுக்கு ஒதுக்கும்.

பெற்றோர் உயிரோடிருக்கும்போதே உறுதியைப் பத்திரப்படுத்துவோம். காணிப் பதிவகத்தில் பதிவு செய்வோம். யாருக்கு எது என்பதை எழுதி வைப்போம். அவர்கள் இன்று எழுதும் ஓர் உறுதி, நாளை அண்ணனும் தங்கையும் நீதிமன்ற வாயிலிலே முகம் திருப்பி நிற்காமல் காக்கும்.