பூங்காவுக்கு யார் பகை?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-இல் தேசியப் பூங்காவாக்கினர். நாம் மறுக்கவில்லை. சுண்ணாம்புக்கென்று பவளப் பாறையைத் தோணி தோணியாக வெட்டிய கொள்ளை கொஞ்சமா? கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவு கடலில் மூழ்கியே போயிற்று! 2016-இல் கடல் சூடேறி, மிச்சமிருந்த பவளமும் வெளுத்தது. காவல் வேண்டியதுதான்.

ஆனால் தோழர்களே, அந்தக் காவல் யார்மீது பாய்கிறது? விரல்களில் பழந்துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறாளே பாம்பன் சின்னப்பாலத்துத் தாய், அவள்மீது! அவள் கால்பட்டால் பவளம் நொறுங்குமாம். கட்டணம் கட்டிக் குருசடைத் தீவுக்குப் படகேறும் உல்லாசப் பயணியின் கால் என்ன, பஞ்சா?

மாதம் 12 நாள்தான் பாசி எடுப்போம் என்று கட்டுப்பாடு வகுத்தவர்களே அந்தப் பெண்கள்தாம். எந்தச் சட்டமும் சொல்லித்தரவில்லை! எந்தத் தீவில், எந்த நாளில், எத்தனை பேர் இறங்கலாம் என்பதை அவர்களையும் உடன் அமர்த்தி முடிவு செய்யட்டும் என்கிறோம்.