கோவளம் – மாமல்லபுரம் கடற்கரை: பழங்கட்டடங்களும் வாய்மொழிக் கதைகளும்

கோவளம் செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள கடலோர ஊர். இங்கிருந்து தெற்கே மாமல்லபுரம் வரை சுமார் 20 கி.மீ. நீளும் கடற்கரையில் பல்லவர் காலக் கோயில்கள், நவாபு காலக் கோட்டையின் எச்சம், தர்கா, தேவாலயம், கலங்கரை விளக்கம் ஆகியவை அடுத்தடுத்து உள்ளன. இவை ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு கதையாவது மக்களிடையே வழங்குகிறது. கடலுக்குள் மூழ்கிய ஆறு கோயில்கள், டச்சுக்காரர் கட்டிய கோட்டை, ஏழு யானைகளால் அசைக்க முடியாத பாறை ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை.

இக்கதைகளில் சில முற்றிலும் கற்பனை. சில பெயர் மாறிப்போன வரலாறு. ஒரு கதை புதையுண்ட கட்டடங்களைப் பற்றிய நினைவாகவும் இருக்கக்கூடும். எது எந்த வகை என்பதைச் சான்றுகளைக் கொண்டு பிரித்தறிய முடியும்.

கோவளம் கோட்டை: கட்டியவர் யார்?

கோவளத்தில் கடலோரமாக இருந்த கோட்டையைச் சுற்றுலாக் குறிப்புகள் பலவும் "டச்சுக் கோட்டை" என்றே குறிப்பிடுகின்றன. வரலாற்று நூல்கள் வேறு செய்தியைத் தருகின்றன. இக்கோட்டையைக் கட்டியவர் 1744 முதல் 1749 வரை கர்நாடக நவாபாக இருந்த அன்வருத்தீன் கான். கோட்டைக்குச் "சாதத் பந்தர்" என்று பெயரிடப்பட்டது. "பந்தர்" என்ற பாரசீகச் சொல்லுக்குத் துறைமுகம் என்று பொருள். கோவளம் அன்று வெறும் மீன்பிடி ஊர் அன்று. கப்பல்கள் வந்துபோன துறை என்பதை இப்பெயரே காட்டுகிறது.

நவாபுக்கு முன்பே ஓர் ஐரோப்பிய நிறுவனம் இங்கு வந்திருந்தது. புனித ரோமப் பேரரசர் ஆறாம் சார்லசின் அனுமதியுடன் 1722-இல் அமைந்த ஆஸ்டெண்ட் நிறுவனம் கோவளத்தில் வணிக நிலையம் நடத்தியது. ஆஸ்டெண்ட் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள துறைமுக நகரம். அப்பகுதி அக்காலத்தில் ஆஸ்திரிய நெதர்லாந்து எனப்பட்டது. அங்குள்ள பிளெமிய மக்கள் பேசுவதும் டச்சு மொழியின் ஒரு வடிவமே. ஆங்கிலேயர், டச்சுக்காரர் ஆகியோரின் எதிர்ப்பால் 1727-இல் அந்நிறுவனத்தின் வணிகம் நிறுத்தப்பட்டது. 1731-இல் நிறுவனமே கலைக்கப்பட்டது.

"டச்சுக் கோட்டை" என்ற பெயர் வழக்குக்கு வந்ததற்கு இந்தப் பழைய தொடர்பு ஒரு காரணமாக இருக்கலாம். உண்மையான டச்சுக் கோட்டை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் இருப்பது மற்றொரு காரணமாகலாம். அங்கு டச்சு எழுத்துகள் பொறித்த கல்லறைகளை இன்றும் காணலாம். ஒரே கடற்கரையில் இரு கோட்டைகள் இருக்கும்போது ஒன்றின் பெயர் மற்றொன்றுக்கு இடம்பெயர்வது வாய்மொழி வழக்கில் அரிதன்று.

நோயாளி வேடத்தில் வந்த படை

கோவளம் கோட்டை கைமாறிய நிகழ்ச்சி கட்டுக்கதை போலத் தோன்றினும், 18-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 1750-இல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று கோட்டைக்கு எதிரே நங்கூரமிட்டு, ஆபத்தில் இருப்பதாகச் சைகை காட்டியது. கோட்டையிலிருந்து ஆட்கள் சென்று விசாரித்தனர். மாலுமிகளில் பலர் ஸ்கர்வி நோயால் இறந்துவிட்டதாகவும், எஞ்சியவர்களைக் கரையில் தங்கவிடாவிட்டால் அவர்களும் மடிவார்கள் என்றும் கப்பலில் இருந்தோர் கூறினர். கோட்டைத் தலைவர் அனுமதி தந்தார்.

மெலிந்த, நோயுற்ற தோற்றமுடைய சுமார் 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கரைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் உடைக்குள் ஆயுதங்களை மறைத்து வைத்திருந்தனர். இரவில் எழுந்து, உறங்கிக்கொண்டிருந்த காவலர்களை மடக்கிக் கோட்டையைக் கைப்பற்றினர்.

1752-இல் ஆங்கிலேயத் தளபதி இராபர்ட் கிளைவ் இக்கோட்டையை முற்றுகையிட்டார். அவருக்குக் கிடைத்த படை, லண்டனிலிருந்து புதிதாக வந்த பயிற்சியற்ற 200 ஐரோப்பியரும் புதிதாகச் சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்களும்தான். முதல் குண்டுச் சத்தத்திலேயே பலர் சிதறி ஓடினர் என்றும், காவலுக்கு நின்ற ஒருவர் மறுநாள் ஒரு கிணற்றுக்குள் ஒளிந்திருக்கக் கண்டெடுக்கப்பட்டார் என்றும் ஓர்ம் எழுதியுள்ளார். ஆயினும் கிளைவ் முன்னின்று படையை நடத்த, கோட்டை சில நாள்களில் பணிந்தது. தொடர்ந்து செங்கல்பட்டுக் கோட்டையும் அவர் வசமாயிற்று. கோவளம் கோட்டையின் அரண்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

ஒரு பத்தாண்டுக்குள் கட்டப்பட்டு, இருமுறை கைமாறி, அழிந்தும்போன கோட்டை இது. காலம் செல்லச் செல்ல உடைந்த சுவர் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. கட்டியவர் பெயர் நினைவிலிருந்து மறைந்தது. அந்த வெற்றிடத்தையே "டச்சுக் கோட்டை" என்ற பெயர் நிரப்பியது எனலாம்.

தர்காவும் தேவாலயமும்

கோவளத்தில் உள்ள தமீம் அன்சாரி தர்காவுக்கு மதவேறுபாடின்றி மக்கள் வருகின்றனர். நபிகளின் தோழர்களுள் ஒருவரான தமீமுல் அன்சாரி இங்கு அடக்கமாகியுள்ளார் என்பதும், அவருடைய உடல் ஒரு பேழையில் கடல்வழியே மிதந்து வந்து கரை சேர்ந்தது என்பதும் நம்பிக்கை. புனிதப் பொருளைக் கடலே கொண்டுவந்து சேர்த்தது என்ற கருத்து சோழமண்டலக் கடற்கரை எங்கும் பல சமயத்தாரிடமும் உண்டு. அரபு நாடுகளுடன் நெடுங்காலம் கடல் வணிகம் நடத்திய கரைக்கு இது இயல்பானதே. இத்தகைய நம்பிக்கையைக் கட்டட வரலாற்றைப் போல மெய், பொய் என்று அளப்பதைவிட, அவ்வூர் கடலை எப்படிப் பார்த்தது என்பதற்கான சான்றாகக் கொள்வது பொருந்தும்.

தர்காவுக்கு அருகில் உள்ள கார்மேல் மாதா ஆலயம் சென்னையின் பெயர்பெற்ற பேய்க்கதை ஒன்றுடன் தொடர்புடையது. ஆழ்வார்பேட்டையில் உள்ள டிமான்ட்டி காலனி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் வாழ்ந்த போர்த்துக்கீசிய வணிகர் ஜான் டி மான்ட்டியின் பெயரைத் தாங்கியது. அங்கிருந்த ஒரே மாதிரியான பழைய வீடுகள் ஆளில்லாமல் கிடந்தபோது, இரவில் கதவு தானே திறக்கும், தெருவில் உருவம் நடக்கும் என்ற கதைகள் பரவின. 2015-இல் அஜய் ஞானமுத்து இயக்கத்தில் வெளிவந்த "டிமான்ட்டி காலனி" திரைப்படம் அப்பெயரைத் தமிழகம் முழுவதும் கொண்டுசென்றது. அதன்பின் திரைக்கதையில் வரும் நிகழ்ச்சிகளையே அவருடைய வாழ்க்கை வரலாறு என்று பலர் நம்பத் தொடங்கினர்.

வரலாற்றில் தெரியும் டி மான்ட்டி செல்வந்தரான வணிகர். அவருடைய சொத்துகள் திருச்சபையின் அறப்பணிக்குச் சென்றன; அவர் பெயரிலான அறக்கட்டளை அவற்றை நிர்வகித்துவந்தது. 1821-இல் இறந்த அவருடைய கல்லறை, பேய்க்கதை சொல்லப்படும் தெருவில் இல்லை. கோவளம் கார்மேல் மாதா ஆலயத்தில் உள்ளது.

ஏழு கோயில்கள்

மாமல்லபுரத்தை ஐரோப்பிய மாலுமிகள் "ஏழு கோயில்கள்" என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். கடற்கரையில் ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு மூழ்கிவிட்டன, எஞ்சியது இன்றைய கடற்கரைக் கோயில் என்பது இதையொட்டிய கதை.

1772, 1776 ஆகிய ஆண்டுகளில் இங்கு வந்த வில்லியம் சேம்பர்ஸ், தாம் கேட்டவற்றை 1788-இல் கல்கத்தாவில் வெளியான "ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்" இதழின் முதல் தொகுதியில் எழுதினார். ஊரின் அழகைக் கண்டு தேவர்கள் பொறாமை கொண்டு கடலை ஏவி மூழ்கடித்தனர் என்ற கதையும், கடலுக்குள் செப்புக் கலசங்கள் வெயிலில் மின்னியதை இளமையில் கண்டதாக முதியோர் கூறிய செய்தியும் அதில் உள்ளன. ஊர்ப்பெயர் மாவலி மன்னனோடு இணைக்கப்பட்டதும் இக்கதைகளை வளர்த்தது. ஆனால் "மாமல்லபுரம்" என்ற பெயர், "மாமல்லன்" என்ற விருதுப்பெயர் கொண்ட முதலாம் நரசிம்மவர்மனைக் குறிப்பதாகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

கடற்கரைக் கோயில், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. இதில் இரண்டு சிவன் கருவறைகளும், அவற்றுக்கு இடையே பள்ளிகொண்ட திருமாலுக்கு ஒரு கருவறையும் உள்ளன. ஆக, ஒரே கோயிலாகத் தெரிவது மூன்று சன்னதிகளின் தொகுதி.

கதையைச் சோதிக்க மூன்று வாய்ப்புகள் அண்மைக் காலத்தில் கிடைத்தன.

முதலாவது, 2002-இல் கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வுக் கழகம் ஒன்றும் நடத்திய நீரடி ஆய்வு. கடற்கரைக் கோயிலுக்கு எதிரே, 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர் எச்சங்களும் செதுக்கிய கற்பாளங்களும் பரவிக் கிடப்பதை மூழ்காளர்கள் கண்டனர்.

இரண்டாவது, 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை. அலை தாக்குமுன் கடல் உள்வாங்கியபோது கற்கள் வரிசையாகத் தென்பட்டதாகக் கரையில் இருந்தோர் கூறினர். அலை மணலை அரித்துச் சென்றதால் மண்மூடிக் கிடந்த சிற்பங்கள் சில கரையில் வெளிப்பட்டன. 2005-இல் இந்தியத் தொல்லியல் துறையும் கடற்படையும் சேர்ந்து கடலடியை ஆராய்ந்தன.

மூன்றாவது, மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள சாளுவன்குப்பம் அகழாய்வு. ஆழிப்பேரலைக்குப் பின் அங்கு ஒரு பாறையில் வெளித்தெரிந்த கல்வெட்டுகள் "திருவீழ்ச்சில்" என்ற இடத்தில் இருந்த சுப்பிரமணியர் கோயிலைக் குறித்தன. அதைப் பின்பற்றித் தோண்டிய தொல்லியல் துறையினர், மணலுக்கடியில் பல்லவர் காலக் கற்கோயிலின் அடித்தளத்தையும், அதற்குக் கீழே அதனினும் பழைய செங்கல் கோயிலையும் கண்டனர். செங்கல் கோயில் சங்க காலத்தது என்பது அகழாய்வாளர் கருத்து. கருங்கல்லால் ஆன வேல் ஒன்றும் அங்கு கிடைத்தது.

இவற்றிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். இக்கரையில் இன்று தெரிவதைவிட மிகுதியான கட்டடங்கள் இருந்தன. கடலும் மணலும் அவற்றுள் சிலவற்றை மூடின. இந்த அளவில் கதை மெய்யை ஒட்டியே நிற்கிறது. ஆனால் கடலடியில் கிடப்பவை ஆறு கோயில்கள் என்று காட்ட எந்தச் சான்றும் இல்லை. ஒரே நாளில் ஒரு மாநகரம் மூழ்கியது என்பதற்கும் சான்றில்லை. கடலரிப்பு மெதுவாக நிகழ்வது. கடற்கரைக் கோயிலைச் சுற்றி இன்று கருங்கல் தடுப்பு போடப்பட்டிருப்பதும் அதற்காகவே.

உருளாத பாறையும் பிற கதைகளும்

மாமல்லபுரத்தில் சரிவான பாறைமேல் நிற்கும் உருண்டைக் கல் "கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து" எனப்படுகிறது. ஏறத்தாழ 250 டன் எடையுள்ளதாக இது மதிப்பிடப்படுகிறது. 1908-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்ற செய்தி எங்கும் சொல்லப்படுகிறது. லாலி அக்காலத்தில் ஆளுநராக இருந்தது உண்மை. கதையோ பெரும்பாலும் மூலச்சான்று காட்டப்படாமலேயே திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. கோயிலும் ஏழு, யானையும் ஏழு என்பது கவனிக்கத்தக்கது. வாய்மொழிக் கதைகள் விரும்பும் எண் அது.

கல் உருளாததற்குக் காரணம் எளியது. கருங்கல் பாறையில் விரிசல் விழுந்து, வெயிலும் மழையும் விளிம்புகளைத் தின்று, காலப்போக்கில் உருண்டை வடிவம் உண்டாகிறது. யாரும் அதைக் கொண்டுவந்து வைக்கவில்லை. அது அங்கேயே உருவானது. அடிப்பகுதியில் உள்ள உராய்வும், எடைமையம் அடித்தளத்துக்கு நேர்மேலே விழுவதும் அதை நிறுத்தி வைத்துள்ளன.

சாளுவன்குப்பத்தின் "புலிக்குகை" புலி வாழ்ந்த குகை அன்று. பாறையில் குடைந்த மேடையைச் சுற்றிச் செதுக்கப்பட்ட 11 யாளித் தலைகளைப் புலியாகக் கண்ட மக்கள் இட்ட பெயர் அது. அதுபோலக் குன்றின்மேல் உள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயிலைப் பல்லவர் கட்டிய கலங்கரை விளக்கம் என்பர். அது சிவன் கோயிலாகவே கட்டப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதன்மேல் விளக்கு வைத்துப் பயன்படுத்தினர். புதிய கலங்கரை விளக்கம் பின்னர் அருகிலேயே எழுந்தது.

கதையைச் சோதிக்கும் முறை

உள்ளூர் வரலாற்றைத் திரட்டும் மாணவர்கள் பின்வரும் கேள்விகளை எழுப்பலாம்.

1. கதை முதன்முதலில் எப்போது எழுதப்பட்டது? நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு?
2. கல்வெட்டு, கல்லறை எழுத்து, நாணயம் போன்ற அக்காலச் சான்று உண்டா?
3. கட்டடப் பொருளும் அமைப்பும் சொல்லப்படும் காலத்துக்குப் பொருந்துகின்றனவா?
4. பக்கத்து ஊரின் வரலாறு இந்த ஊருக்கு ஒட்டிக்கொண்டதா?
5. திரைப்படமோ விளம்பரமோ கதையை மாற்றியதா?

கேட்ட கதையைத் தள்ளிவிடாமல், சொல்லப்பட்டபடியே ஆண்டு, இடம் குறித்து எழுதிவைப்பதும் தேவை. சேம்பர்ஸ் அவ்வாறு எழுதிவைத்ததால்தான், மின்னிய கலசங்களின் கதையைக் கடலடி ஆய்வின் முடிவுகளோடு இன்று ஒப்பிட முடிகிறது.

இன்றைய நிலை

மாமல்லபுர நினைவுச்சின்னங்கள் 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கோவளம் கடற்கரை 2021-இல் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்று பெற்றது. கோவளம் கோட்டை இருந்த இடத்திலோ இன்று கடற்கரை விடுதி இயங்குகிறது. கோட்டையின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. கட்டடமும் இல்லாமல், கட்டியவர் பெயரும் மாறி வழங்கினால், சாதத் பந்தரைப் பற்றி அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது தவறான ஒரு பெயர் மட்டுமே. அப்பெயரைத் திருத்திச் சொல்வது இன்றும் செய்யக்கூடிய பாதுகாப்புப் பணி.